அம்மாவின் கல்லீரல் அறுவையும் ஆராய்ச்சிக்குத் திசு கேட்கும் படிவமும்: கையெழுத்து யாருடையது?

பெரம்பூர்க்காரி | சனிக்கிழமை, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. இரண்டு மாதங்களுக்கு முன்பு அவர் கண்ணில் மஞ்சள் படர்ந்தது, உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வழக்கமான காமாலை என்றே நினைத்து மூன்று வாரம் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தோம். மஞ்சள் இறங்காமல் போகவே ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், கல்லீரலின் வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் வரும் பித்தநாளங்கள் ஒன்று சேரும் இடத்தில் கட்டி இருப்பது தெரியவந்தது. எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்து மஞ்சளைக் குறைத்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை, கல்லீரலின் இடப்பாதியையும் பித்தநாளத்தையும் சேர்த்து எடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை சென்னையிலேயே நடக்க இருக்கிறது.

நேற்று மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து ஆறு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். கட்டியில் ஒரு துண்டு, கட்டி இல்லாத கல்லீரலில் ஒரு துண்டு, சிறிது இரத்தம், சிறிது பித்தநீர் ஆகியவற்றைக் கல்லீரல், பித்தநாளப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் சேமித்து வைக்க அனுமதி கேட்கிறது அந்தப் படிவம். இதற்காகக் கூடுதலாக வெட்டுவார்களா, எடுத்தது எங்கே போகும், அதில் ஏதாவது தெரியவந்தால் எங்களுக்குச் சொல்வார்களா என்ற கேள்விகள் எனக்கு இருக்கின்றன.

அவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு இது புற்றுநோய் என்று தெரியாது. "பித்தக்குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றுதான் நாங்கள் சொல்லியிருக்கிறோம். படிவத்தின் முதல் வரியிலேயே "புற்றுநோய்" என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், அம்மாவிடம் போகவே வேண்டாம் என்கிறார் அண்ணன். அந்தப் பெண்ணோ, நோயாளி தெளிந்த நினைவோடு இருக்கும்போது மகன், மகள் கையெழுத்தை வாங்க இயலாது என்று மென்மையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

மைனஸ் எண்பது | சனிக்கிழமை, இரவு 11.40

சகோதரி, நான் ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். தியேட்டர் வாசலில் ஐஸ் பெட்டியோடும் திரவ நைட்ரஜன் கேனோடும் காத்து நிற்பவன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆராய்ச்சிக்கென்று ஒரு வெட்டுக்கூடக் கூடுதலாக விழாது, விழவும் கூடாது. மருத்துவர் எதை எடுத்தே தீர வேண்டுமோ அதை எடுக்கிறார். எடுத்த உறுப்பு நோயியல் மருத்துவரிடம் போகிறது. நோயைக் கணிக்கவும் வெட்டிய ஓரங்களில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும் தேவையானது போக மீதி இருந்தால் மட்டுமே எங்களுக்குக் கிடைக்கும். அந்த மீதியை வெட்டிக் கொடுப்பவரும் நோயியல் மருத்துவர்தான். நாங்கள் கத்தியைத் தொடுவதில்லை.

கொடுக்கும் துண்டு ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். கட்டியிலிருந்து இரண்டு, மூன்று. கட்டியின் ஓரத்திலிருந்து குறைந்தது 2 சென்டிமீட்டர் தள்ளி, பார்வைக்கு நலமாக இருக்கும் கல்லீரலிலிருந்து அதேபோல இரண்டு. எல்லாம் பார்கோடு ஒட்டிய சிறு குப்பிகளுக்குள் போய், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் நைட்ரஜனில் அந்தக் கணமே உறைந்துவிடும். குப்பியை இறக்கும்போது எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல ஓர் ஓசை வரும். அது அடங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். இந்த வேலையில் கடிகாரத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உடம்பிலிருந்து பிரிந்த திசுவில் உயிரணுக்கள் உடனே இறப்பதில்லை. பிராணவாயு இல்லாமல் திணறியபடி, எந்த மரபணுவை இயக்குவது, எதை நிறுத்துவது என்பதை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அரை மணி நேரத்துக்குள் உறைய வைத்தால் கட்டி உடம்புக்குள் எப்படி இருந்ததோ அதற்கு நெருக்கமான நிலை கிடைக்கும். தாமதமானால், ஆராய்ச்சியாளர் படிப்பது புற்றுநோயையா அல்லது திசுவின் திணறலையா என்று பிரித்தறிய இயலாமல் போகும். கல்லீரல் அறுவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தப்போக்கைக் குறைப்பதற்காகக் கல்லீரலுக்குள் இரத்தம் நுழையும் வாசலை அவ்வப்போது கவ்வியால் அடைப்பார்கள். 1908-இல் பிரிங்கிள் என்ற மருத்துவர் எழுதி வைத்த முறை அது. ஆகவே திசு வெளியே வருவதற்கு முன்பே திணறல் தொடங்கியிருக்கும். எத்தனை நிமிடம் அடைத்தார்கள் என்பதையும் மயக்க மருந்து மருத்துவரின் தாளைப் பார்த்து நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

உங்கள் அம்மாவிடம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்லீரலில் தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பான்மையானது கல்லீரல் உயிரணுவில் தோன்றும் வகை. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு அதைப் பெரும்பாலும் ஸ்கேன் படத்தை வைத்தே உறுதிசெய்துவிட முடியும். ஊசி குத்தினால் இரத்தம் கசியலாம், ஊசி போன தடத்தில் நோய் விதை விழவும் கூடும் என்பதால் பலருக்கு பயாப்சியே எடுப்பதில்லை. நோயாளிக்கு அது நல்லதுதான். ஆனால் அதனாலேயே ஆராய்ச்சிக்குத் திசு கிடைப்பது அரிதாகிவிட்டது. பித்தநாளப் புற்றுநோயோ இன்னும் அரிது. பலருக்கு நோய் தெரியவரும்போதே அறுவைக்கான காலம் கடந்திருக்கும். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 2017-இல் வெளியிட்ட ஆய்வுகளில், கல்லீரல் உயிரணுப் புற்றுநோய்க்கு 363 பேருடைய கட்டிகள் இருந்தன; பித்தநாளப் புற்றுநோய்க்கு வெறும் 38.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாளங்கள் கூடும் இடத்தில் வரும் கட்டி பெரிய உருண்டையாக இராது. நாளத்தின் சுவரை ஒட்டிப் படர்ந்த தடிப்பாகவே பல நேரங்களில் இருக்கும். நோயியல் மருத்துவருக்கே அது முழுவதும் தேவைப்படலாம். அப்போது கட்டித் துண்டு எங்களுக்குக் கிடைக்காது. நாங்கள் கேட்கவும் மாட்டோம்.

ராயபுரத்தான் | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.05

மேலே எழுதியவர் நேர்மையானவராகவே தெரிகிறார். ஆனால் எல்லா இடங்களிலும் அப்படி நடப்பதில்லை என்பதை என் அப்பாவின் கதையிலிருந்து சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

அப்பாவுக்குக் கல்லீரலுக்குள்ளேயே பித்தநாளப் புற்றுநோய். அட்மிஷன் போட்ட இரவு பதினொரு மணிக்கு ஒரு கட்டுத் தாள்களை நீட்டி, குறுக்குக்கோடு போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அப்பா வலியில் முனகிக்கொண்டிருந்தார். நான் பேனாவைப் பிடித்துக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று ஆராய்ச்சிக்கான ஒப்புதல் என்பது எங்களுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. நோய் திரும்பியபோது, மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம், பழைய அறுவையில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை வாங்கி வாருங்கள் என்றார் புற்றுநோய் மருத்துவர். நான் நோயியல் பிரிவுக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் இடையே மூன்று வாரம் நடந்தேன். கடைசியில் கையில் கிடைத்த பிளாக்கில் பரிசோதனைக்குப் போதுமான கட்டி மிச்சமில்லை என்று ஆய்வகம் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி ஊசி குத்தும் நிலையில் அப்பா அப்போது இல்லை.

பரிசோதனை நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் அப்பாவின் உடம்பிலிருந்து வந்த ஒன்று அவருக்கே தேவைப்பட்ட நாளில் இல்லாமல் போனதே என்ற நினைப்பு இன்றுவரை தீரவில்லை. 1951-இல் அமெரிக்காவில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய் உயிரணுக்களை அவர் அறியாமலே எடுத்து உலகமெல்லாம் விற்றார்கள். ஒரு பெரிய நிறுவனம் அவர் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023-இல்தான். அங்கேயே அந்த நிலை என்றால், இலவசச் சிகிச்சைக்கு வரிசையில் நிற்கும் நம்மிடம் யார் கேட்கப் போகிறார்கள்? எவருக்கு இலாபம், எவருக்கு இழப்பு என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா.

நுண்ணோக்கி | ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.30

ராயபுரத்து நண்பருக்கு: உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது தவறு. நான் நோயியல் மருத்துவர். எங்கள் துறையில் நடக்கவே கூடாதது அது. ஆராய்ச்சிக்கு உறைய வைக்கும் திசு வேறு, நோய்க் கணிப்புக்காகப் பார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதிக்கும் பிளாக் வேறு. பிளாக் என்பது நோயாளியின் எதிர்காலச் சிகிச்சைக்கான சேமிப்பு. அதிலிருந்து ஆராய்ச்சிக்குச் சீவல் எடுத்தாலும் கட்டி உள்ள ஒரு பிளாக்கையாவது தொடாமல் வைத்திருக்க வேண்டும். பெரம்பூர்ச் சகோதரி, இந்த ஒரு வாக்கியம் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

நண்பரின் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிய முறையும் தவறுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் உயிரியல் மாதிரிகளைச் சேமிப்பது பற்றித் தனி இயலே உண்டு. அதன்படி, கொடுத்த திசுவுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் உரிமையாளர் அதைக் கொடுத்தவர்தான். திசு வங்கி வெறும் காப்பாளர். கொடுத்தவர் பின்னொரு நாள் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இந்த ஓர் ஆய்வுக்கு மட்டும், புற்றுநோய் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும், வணிகப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும்படியும் ஒப்புதலை அமைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், அந்த ஆராய்ச்சியைச் சாராத நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒப்புதல் தாளின் பிரதி கையில் தரப்பட வேண்டும். "மாட்டேன்" என்று சொல்வதால் சிகிச்சையில் எள்ளளவும் குறைவு வரக்கூடாது. வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்வதென்றால், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு போதாது. மத்திய அரசின் ஆய்வுக் குழுவிடமும் அனுமதி பெற வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, திசு ஏன் தேவை என்பதையும் சொல்லாவிட்டால் என் கடமை முடியாது. 1991-இல் சீனாவின் சிடோங் பகுதியிலிருந்தும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலிருந்தும் வந்த கல்லீரல் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், புற்றைத் தடுக்கும் ஒரு மரபணுவின் ஒரே இடத்தில், 249-ஆம் இடத்தில், ஒரே மாதிரியான பிழை மீண்டும் மீண்டும் இருப்பதைக் கண்டார்கள். ஈரத்தில் கெட்டுப்போன நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் பூஞ்சையின் நச்சு விட்டுச்சென்ற தழும்பு அது. நோயாளி பல ஆண்டுகளுக்கு முன்பு என்ன தின்றார் என்பதை அவரே மறந்திருப்பார், கட்டி மறக்கவில்லை. பித்தநாளத்துக்கு வந்தால், வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை ஆற்றுமீன் வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு உடம்பில் ஏறி, பல ஆண்டுகள் நாளத்தை அரித்து இந்தப் புற்றுநோயை உண்டாக்குகிறது. 2017-இல் பத்து நாடுகளிலிருந்து 489 கட்டிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, புழுவால் வந்த கட்டியும் புழு இல்லாமல் வந்த கட்டியும் மரபணு அளவில் வெவ்வேறு என்று தெரிந்தது. நம் ஊரில் அந்தப் புழு இல்லை. அப்படியானால் நம்மவர்களுக்கு எதனால் வருகிறது? நாளத்துக்குள் சேரும் கற்களா, பிறவியிலேயே விரிந்த நாளமா, சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலுமா? நம்மவர்களின் திசு இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வழியில்லை.

இப்படிச் சேர்த்த திசுவிலிருந்துதான் பித்தநாளப் புற்றுநோயில் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 என்ற மரபணுக்களின் மாற்றங்கள் தெரியவந்தன. முன்னதற்கு எதிரான பெமிகாடினிப் என்ற மருந்து 2020-லும் பின்னதற்கு எதிரான ஐவோசிடெனிப் என்ற மருந்து 2021-லும் இந்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இந்த மாற்றங்கள் பெரும்பாலும் கல்லீரலுக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில்தான் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு வந்துள்ள இடத்துக் கட்டிகளில் அரிது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த இடத்துக் கட்டிகளுக்கு இன்னும் இப்படிப்பட்ட மருந்துகள் கைவசம் அதிகம் இல்லை.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு சொல். 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள் காமாலை பி வைரசைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதியது உண்மை. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் உறுதிப்படவில்லை. எப்படியாயினும் அது வைரசைப் பற்றியது. அடைபட்ட குழாயை எந்தச் சாறும் திறக்காது. மலம் வெளுத்து, அரிப்போடு வரும் காமாலைக்கு முதல் வாரமே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை இந்த இழையைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நினைத்து உங்களை நொந்துகொள்ள வேண்டாம், சகோதரி.

முப்பதாண்டுச் செவிலி | ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.50

மகளே, எல்லோரும் திசுவைப் பற்றி எழுதிவிட்டார்கள். நீ கேட்ட பெரிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். வட சென்னையில் அரசு மருத்துவமனை வார்டுகளில் முப்பது ஆண்டுகள் இரவுப் பணி பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் மறைத்து வைத்த நோயை அறியாத அம்மாக்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உடனிருப்பவர்கள் தூங்கிய பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு டிரிப் மாற்றப் போகும்போது, "சிஸ்டர், இது அதுதானே?" என்று கேட்பார்கள். "அது" என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் தாங்க மாட்டார்களே என்று அவர்களும் தெரியாததுபோலவே இருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியே அழுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்காமல் போன இரவுகள் உண்டு.

ஆனால் அந்த ஆறு பக்கப் படிவத்தின் வழியாக அவருக்கு இது தெரியவரக் கூடாது. முதலில் அறுவை மருத்துவர், நீங்கள் உடனிருக்க, அவருக்குப் புரியும் சொற்களில் நோயைச் சொல்லட்டும். அன்றைக்குப் படிவத்தைக் காட்டவே வேண்டாம். ஓர் இரவாவது கடக்கட்டும். மறுநாள் அந்தப் பெண் வந்து படிவத்தை வாசித்துக் காட்டட்டும். ஒருவேளை உன் அம்மா, "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வாரானால், அதுவும் அவருடைய முடிவுதான், மதியுங்கள். அப்போது ஆராய்ச்சிக்குத் திசு கொடுக்க முடியாது, அவ்வளவே. அண்ணன் போடும் கையெழுத்தில் எடுக்கும் திசுவை நல்ல ஆய்வகம் வாங்காது.

மைனஸ் எண்பது | திங்கட்கிழமை, காலை 6.20

செவிலி அம்மா எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன்.

எடுத்தது எங்கே போகும் என்ற கேள்வி மீதி இருக்கிறது. குப்பியில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேடு பூட்டிய கணினியில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டுமே திறக்கும். குப்பிகள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலோ நைட்ரஜன் தொட்டியிலோ ஆண்டுக்கணக்கில் இருக்கும். சென்னையிலேயே இதற்கென்று அமைத்த நிலையங்கள் உண்டு, தரமணியில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து அமைத்த தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி அவற்றில் ஒன்று.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஓர் இரவைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் அறையின் படிவரை தண்ணீர் ஏறியது. மைனஸ் 80 ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரியாக ஏறத் தொடங்கும். நானும் இன்னொருவரும் கைவிளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகப் பெட்டிகளை எடுத்து, மின்சாரம் தேவைப்படாத நைட்ரஜன் தொட்டிக்கு மாற்றினோம். முதலில் எந்தப் பெட்டியை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. பித்தநாளம் என்று எழுதிய பெட்டிகளை எடுத்தோம், ஏனென்றால் அவற்றுக்கு மாற்று கிடையாது. குப்பியில் எண்தான் இருக்கிறது என்றேன்; ஆனால் அவற்றில் பலருடைய படுக்கைக்கருகே நான் நின்று பேசியிருக்கிறேன்.

முடிவுகளைப் பற்றி: ஆராய்ச்சியில் தெரிவது பெரும்பாலும் தனியொருவருக்குப் பயன்படும் அறிக்கையாக வராது. பரம்பரையாகப் பிள்ளைகளுக்குத் தொடரக்கூடிய மாற்றம் ஏதாவது தெரிந்தால் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதைப் படிவத்தில் அம்மாவே தேர்ந்தெடுக்கலாம்.

ராயபுரத்தான் | திங்கட்கிழமை, இரவு 9.10

மருத்துவருக்கு நன்றி. "தவறு" என்ற சொல்லை ஒரு மருத்துவர் எழுதி நான் படிப்பது இதுவே முதல் முறை.

ஒரு கோரிக்கை. படிவத்தின் தமிழைத் திருத்துங்கள். எங்களுக்குத் தந்த தாளில் "உயிரியல் மாதிரிகளின் எதிர்காலப் பயன்பாட்டுக்கான விரிந்த ஒப்புதல்" என்று இருந்தது. "திசு" என்ற சொல்லே என் அம்மாவுக்குப் புரியவில்லை. கை துடைக்கும் டிஷ்யூ தாள் என்று நினைத்துக்கொண்டார். "உங்கள் உடம்பிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு சின்னச் சதைத்துண்டு, பருப்பு அளவு, குளிர்பெட்டியில் வைத்திருப்போம், புற்றுநோய்க்கு மருந்து தேடுபவர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்" என்று எழுதியிருந்தால் என் அப்பா வலியிலும் புரிந்துகொண்டிருப்பார். அநேகமாகச் சம்மதித்தும் இருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

பெரம்பூர்க்காரி | சனிக்கிழமை, மாலை 5.45

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மாலை அறுவை மருத்துவர் அம்மாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் பேசத் தொடங்கியதுமே அம்மா கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, "ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போற வழியில போர்டு இருக்கு டாக்டர். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் பயப்படுவேன்னு சொல்லாம இருந்தேன்" என்றார். அண்ணன் வராந்தாவுக்குப் போய்விட்டார். செவிலி அம்மா எழுதியது அப்படியே நடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண் வந்து ஆறு பக்கத்தையும் வாசித்தார். அம்மா மூன்றாம் பக்கத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். பரம்பரையாக வரக்கூடியது ஏதாவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில், எனக்கும் அண்ணனுக்குமாக என்று சொல்லிக் குறியிட்டார். சிகிச்சைக்குத் தேவையான பிளாக்கைத் தொட மாட்டோம் என்ற வாக்கியம் படிவத்தில் இல்லை. நான் கேட்டதும் அந்தப் பெண் மருத்துவரிடம் பேசிவிட்டு வந்து, கையால் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். ராயபுரத்து அண்ணா, அது உங்களால் கிடைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்ற கட்டத்தில் அம்மா "வேண்டாம்" என்று குறியிட்டார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு கையில் ஏறியிருந்த டிரிப் ஊசி இடிக்காமல் இருக்கத் தலையணையின் மேல் தாளை வைத்து, முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதினார்.

வியாழக்கிழமை அறுவை ஒன்பது மணி நேரம் நடந்தது. இப்போது தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நன்றாகப் பேசுகிறார். இன்று காலை முதலில் கேட்டது, "எடுத்துக்கிட்டாங்களா?" என்பதுதான். கட்டி மிகச் சிறியதாகவும் நாளத்தோடு ஒட்டியும் இருந்ததால் முழுவதும் நோய்க் கணிப்புக்கே தேவைப்பட்டது என்றும், நல்ல கல்லீரலில் ஒரு துண்டும், இரத்தமும், பித்தநீரும் மட்டுமே எடுத்தோம் என்றும் அந்தப் பெண் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கட்டி இல்லாமல் மற்றவற்றை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்கிறார். மைனஸ் எண்பது அண்ணா, என்ன பதில் சொல்லட்டும்?

மைனஸ் எண்பது | சனிக்கிழமை, இரவு 7.30

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நாளத்தின் சுவரில் இருக்கும் கட்டியை நனைத்தபடிதான் பித்தநீர் ஓடுகிறது. கட்டியிலிருந்து உதிரும் உயிரணுக்களும் அவற்றின் மரபணுத் துணுக்குகளும் அதில் மிதக்கின்றன. எண்டோஸ்கோப்பியில் தூரிகையால் சுரண்டி எடுக்கும் சோதனை இந்தப் புற்றுநோயைப் பல நேரங்களில் தவறவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பித்தநீரிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று உலகெங்கும் முயன்று வருகிறார்கள். அறுவையில் உறுதியான நோயாளியின் பித்தநீர் அந்த முயற்சிக்கு மிகவும் தேவை. ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தம், எந்த மரபணு மாற்றம் பிறவியிலேயே இருந்தது, எது நோயோடு வந்தது என்று பிரித்துக் காட்டும். நல்ல கல்லீரல் துண்டு, எதை ஒப்பிட்டாலும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கான அளவுகோல். மூன்றும் வீணாகாது.

நோயியல் அறிக்கை வந்ததும் அதில் இருக்கும் பிளாக் எண்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்க்காரி | புதன்கிழமை, பகல் 12.05

படித்துக் காட்டினேன்; இரண்டு முறை கேட்டார். அறிக்கை நேற்று வந்தது, வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. பிளாக் எண்கள் நான்கையும் அம்மா தன் கையாலேயே கோப்பின் உள்ளட்டையில், ரேஷன் கார்டு எண்ணுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்.